லவாலில் மலை இல்லை

ஐம்பத்து நாலாவது வயதில் பேரின்பநாதன் பனிச்சறுக்கு வீரராவதென்று முடிவெடுத்தார்.

சறுக்குவது மட்டும் அந்த முடிவில் சேரவில்லை.

மொன்றியலுக்கு வந்து இருபது வருடமாகியும் குளிரோடு சமாதானமாகாத மனிதர் அவர். நவம்பர் பிறந்தால் பல்கனிக் கதவுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார். உரிப்பது ஏப்ரலில். குப்பை போடக் கீழே இறங்குவதற்கும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காற்சட்டை போடுவார். இப்படிப்பட்டவர் இரண்டு நீளப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி மலைக்குப் போகிறேன் என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். இருந்தது. காரணத்தின் பெயர் முன்னூற்றி நாலு.

முன்னூற்றி நாலு என்றால் சீட்டு. யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் நாலு பேரை ஒரு மேசையைச் சுற்றி இருத்தி, பெண்சாதி பிள்ளைகளின் பெயரையே மறக்கப்பண்ணுகிற விளையாட்டு. பேரின்பநாதனின் கூட்டத்தில் காசு வைப்பதில்லை. தோற்றவர் உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் காதில் கொழுவிக்கொண்டு இருக்கவேண்டும், அடுத்த ஆட்டம் வெல்லுமட்டும். அவ்வளவுதான் தண்டனை. அந்தக் கிளிப்புக்குப் பயந்துதான் போன வருடம் அவர் தன் மானத்தைக் கப்பலேற்றினார்.

தங்கை கௌரியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. பெரிய ஹோல். தாய்மாமன் தேங்காய் உடைக்கவேண்டும். “தாய்மாமன் பேரின்பநாதன் உடனடியாக மேடைக்கு வரவும்” என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். தாய்மாமன் வெளியே, சவிரிமுத்துவின் டாக்சிக்குள், மடியில் விரித்த கோட்டின்மேல் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டது அவருக்குக் கேட்கவும் செய்தது. ஆனால் கையில் அப்படியொரு துரும்பு; எழும்பிப்போனால் தோல்விக் கணக்கு, காதில் கிளிப். அந்தக் கையை வைத்துக்கொண்டு தேங்காய் உடைக்கப் போக எந்த மனிதனுக்கு மனம் வரும்? கடைசியில் வீடியோக்காரன்தான் கமராவைக் கீழே வைத்துவிட்டுத் தேங்காயை உடைத்தான். அதனால் அந்தக் காட்சி வீடியோவிலும் இல்லை.

அன்றைக்கு வீடு வந்ததும் மனைவி சிவநேசம் சேலைகூட மாற்றவில்லை. சுவாமித்தட்டுக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

“அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ.”

“என்னெண்டு?”

“இனிச் சீட்டைத் தொடமாட்டன் எண்டு.”

பேரின்பநாதன் உள்ளங்கையை நீட்டினார். “இனி நான் சீட்டைத்...” என்று தொடங்கியதுதான் தாமதம், கூரையிலிருந்த புகை அலாரம் வீரிட்டது. மேல்வீட்டுக்காரர் ஓடி வந்தார். கீழ்வீட்டு மனுசி நாயோடு ஓடி வந்தாள். சிவநேசம் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினாள். அமளி அடங்கிப் பார்த்தபோது கற்பூரம் தன்பாட்டில் அணைந்திருந்தது.

அந்தச் சத்தியம் செல்லுமா, செல்லாதா? பேரின்பநாதன் இதைப்பற்றி நிறைய யோசித்தார். அவர் எதைப்பற்றியும் நிறைய யோசிக்கிறவர். ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் வெட்டும்போது அவர் கண்ணில் வரும் தண்ணீர் வெங்காயத்தாலா யோசனையாலா என்று கூட வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. யோசித்து யோசித்து, தான் அணைக்காத கற்பூரத்துக்குத் தான் பொறுப்பில்லை என்ற தீர்ப்புக்கு வந்தார். தீர்ப்புச் சொன்ன பிறகும் நீதிபதிக்கு மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படியிருக்க, மார்கழியில் டொக்டர் அவருக்குச் சீனி கூடிவிட்டது என்றார். உடம்பை அசைக்கவேணும் என்றார். அந்த வருடம் பார்த்துப் பனியும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சிவநேசத்துக்கு எல்லாம் ஒன்றாகப் பொருந்தி வந்தது.

“புதன்கிழமை உங்களுக்கு லீவுதானே. கர்க்லாண்டுக்குப் போய்க் கௌரி வீட்டு ஸ்நோவை அள்ளிக் குடுங்கோ. அவளின்ரை மனுசனுக்கு நாரிப்பிடிப்பு. உடம்புக்கும் பயிற்சி, தேங்காய்க்கும் பரிகாரம்.”

கௌரி வீட்டு வாசலில் மூன்று கார் வரிசையாக நிற்கலாம். அந்த வாசல் பேரின்பநாதனின் கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று ஒட்டாவா வரைக்கும் நீண்டது. அதோடு, புதன்கிழமைதான் பக்கத்து நகரமான லவாலில் சீட்டுக் கூட்டாளிகள் சவிரிமுத்துவும் நீக்கிலாப்பிள்ளையும் கிருபானந்தனும் நாலாவது கைக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரை வைத்து அந்த ஆட்டம் ஆடமுடியாது. அவர் போகாவிட்டால் ஆட்டமே செத்துப்போகும். கிழமை முழுக்க வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு அந்த ஒரு பின்னேரம்தான் மூச்சு விடுகிற இடம்.

வாய் தன்பாட்டில் திறந்தது.

“நான் ஸ்கீ பழகப்போறன்.”

சிவநேசம் கறியைத் துழாவுவதை நிறுத்தினாள். “என்னது?”

“ஸ்கீ. மலையிலை. டொக்டரும் சொன்னவர்தானே.”

“டொக்டர் நடக்கச் சொன்னவர்.”

“அதுவும் நடைதான். கொஞ்சம் வழுக்குற நடை.”

“நீங்கள்?”

“ஏன், நான் மனுசன் இல்லையே? இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலம், ஒருக்காலெண்டாலும் மலையைப் பாத்தமோ? வெண்டோமிலை ஏறினால் ரயில் நேரை சென் ஜெரோம் போகுது. இறங்கினவுடனை ஸ்கீப் பாதை. வெள்ளைக்காரச் சனம் பலகையும் கையுமாப் போகுது. நான் என்ரை கண்ணாலை கண்டனான்.”

அவர் சண்டைக்குத் தயாராக நின்றார். முழங்கால் முறியும் என்றால் ஒரு பதில், சனம் சிரிக்கும் என்றால் ஒரு பதில். எல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன. சிவநேசம் அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒருதரம் பார்த்தாள்.

“நல்ல விஷயம்,” என்றாள்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சுருக்காக ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே அவர் பயந்திருக்கவேண்டும். பயந்தார்தான், ஆனால் பிழையான இடத்தில். மலையில் விழுந்து கால் முறிந்துவிடுமோ என்று பயந்தார். மலைக்குத் தான் போகப்போவதில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சிவநேசம் ஒரு கார்டெரியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்தாள். அங்கே கூட வேலை செய்யும் மொனிக் என்ற கெபெக்காரி பிறந்ததிலிருந்து ஸ்கீயில் நிற்பவள். அடுத்த கிழமையே இரண்டு பேருமாக ஏதோ தேவாலயத்தில் நடந்த பழம்பொருள் சந்தையில் எல்லாம் வாங்கிவிட்டார்கள். நீல உறைக்குள் ஸ்கீயும் தடியும். உருண்டைப் பை ஒன்றில் சப்பாத்து.

“சப்பாத்தைப் போட்டுப் பாருங்கோவன்.”

“மலையிலை போட்டுப் பாக்கிறன்.”

“அளவு சரியோ எண்டு...”

“நீர் வாங்கினது பிழைக்குமே?”

சிவநேசம் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தார்.

பையை அவர் திறக்கவேயில்லை. போடப்போகாத சப்பாத்தைத் திறந்து பார்ப்பானேன்?

முதற் புதன்கிழமையே தெரிந்துவிட்டது, பொய்யைச் சுமப்பது லேசு, ஸ்கீயைச் சுமப்பதுதான் பாரம் என்று. அது ஆளைவிட நீளம். வெண்டோம் நிலையத்தின் கதவில் இடித்தது. படியில் தடக்கியது. அவர் இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் நின்றவரின் தொப்பி பறந்தது. “பார்தோன், பார்தோன்” என்று சொல்லிக்கொண்டே ரயிலேறினார். உள்ளே ஸ்கீக்காரர் நாலைந்து பேர் தங்களில் ஒருவரைக் கண்டதுபோலச் சிரித்து, தள்ளி இருந்து இடம் கொடுத்தார்கள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. யன்னலோரம் இருந்தார். எழும்பி நின்றார். உறையின் சிப்பை இழுத்து மூடினார். மூடியிருந்த சிப்பை மறுபடி திறந்து மூடினார். யாரும் தமிழ்ச்சனம் ஏறுகிறதா என்று ஒவ்வொரு நிலையத்திலும் எட்டிப் பார்த்தார்.

லவால் வந்தது. கொன்கோர்ட் நிலையம். ஸ்கீயோடு எழும்பியது அவர் ஒருவர்தான்.

கதவடியில் நின்ற கார்ட் பெரிய மீசைக்காரன். நல்ல மனம். கையை நீட்டி மறித்தான்.

“முசியே, மலை இன்னும் தூரம். லவாலில் மலை இல்லை.”

“உய், உய். மெர்சி,” என்று சொல்லிக்கொண்டு பேரின்பநாதன் குதித்து ஓடினார். முதுகில் ஒரு பெட்டிச் சனத்தின் பார்வை குத்தியது.

சவிரிமுத்துவின் வீடு நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். பின்கதவடியில் ஸ்கீ இரண்டையும் பனியில் குத்தி நிறுத்திவிட்டுப் பேஸ்மென்றுக்குள் இறங்கினார். சவிரிமுத்துவின் மனைவி அக்னெஸ் றோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“யேசுவே! ஸ்கீயோ அண்ணை?”

“அக்னெஸ், நேசத்துக்கு மட்டும் மூச்சு விட்டுப்போடாதையும்.”

“நானேன் அண்ணை சொல்லுறன்? என்ரை வாய் பூட்டு.”

அன்று நல்ல ஆட்டம். கடைசி ஆட்டத்தில்தான் அவரோடு சோடி சேர்ந்த நீக்கிலாப்பிள்ளை மடத்தனமாகத் துரும்பை இறக்கி, பேரின்பநாதனின் காதில் கிளிப் ஏறியது. புறப்படும்போது சவிரிமுத்து ஸ்கீயைக் கயிற்றில் கட்டி, நாயை உலாத்துகிற மாதிரி வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் இரண்டு சுற்று இழுத்து நனைத்துக் கொடுத்தார். தொப்பியிலும் ஒரு பிடி பனி தூவினார்.

வீட்டில் சிவநேசம் காத்திருந்தாள்.

“எப்பிடி?”

“பரவாயில்லை. கொஞ்சம் செங்குத்து.”

“விழுந்தனீங்களோ?”

“ஒருக்கால். பேந்து பிடிபட்டிட்டுது.”

“காதென்ன சிவந்திருக்கு?”

“குளிர் கடிச்சுப்போட்டுது.”

“ஒரு காதை மட்டுமோ?”

“காத்து அந்தப் பக்கம்.”

அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

புதன்கிழமைகள் போகப் போகப் பொய்யும் வளர்ந்தது. பைன் மரக்காடு வந்தது. பள்ளத்தாக்கு வந்தது. ஒரு நாள் மான் ஒன்று குறுக்கே வந்து நின்று அவரைப் பார்த்தது. “பேந்து?” என்று சிவநேசம் கண்ணை விரித்துக் கேட்டாள். “பேந்தென்ன, நான் வழி விட்டன்.” சொல்லச் சொல்ல அவருக்கே அந்த ஸ்கீக்காரரைப் பிடித்துப்போனது. தைரியசாலி. குளிருக்கு அஞ்சாதவர். மானுக்கு வழி விடுகிறவர். ரயில் கொன்கோர்ட்டில் தன்னை இறக்கிவிட்டு மலையை நோக்கி ஓடும்போது, அந்த ஆள் உள்ளேயே இருந்துவிட்டதுபோலவும், இறங்கியது வேறு யாரோ போலவும் இருக்கும். மேசையில் சீட்டைக் கையில் எடுத்தால் சிவநேசத்தின் நினைவு வரும். சிவநேசத்துக்கு முன்னால் இருந்தால் சீட்டின் நினைவு வரும். எந்த இடத்தில் இருந்தாலும் மற்ற இடத்தில் இருக்கிற இந்த மனதை என்ன செய்வது? மனதைத்தான் ஒரு உறைக்குள் போட்டுச் சிப்பை இழுக்க முடியவில்லையே.

வீட்டில் சில புதினங்களும் நடந்தன. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த ஸ்கீக்கு அடியில் செவ்வாய்க்கிழமைகளில் துவாய் ஈரமாக இருந்தது. கட்டடத்துக் குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்தார். திங்கட்கிழமை சிவநேசத்துக்கு லீவு. முன்பெல்லாம் அன்றைக்குத்தான் மீன்குழம்பும் பொரியலுமாக மேசை நிறையும். இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கறியே சூடு காட்டி வந்தது. அவளுடைய முழங்கால் நோவும் நின்றுவிட்டது. கன்னம் இரண்டும் பழுத்த மாம்பழம் மாதிரி இருந்தன. பிள்ளைகள் இரண்டு பேரும் ரொறன்ரோவில் உத்தியோகத்துக்குப் போனபிறகு மனுசிக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, அதுதான் காரணம் என்று கணக்குப் போட்டார்.

ஒரு நாள் வீட்டில் மெழுகுதிரி மணத்தது.

“உதென்ன மணம்?”

“மெழுகு. ஸ்கீக்குக் கீழை பூசினால்தான் நல்லா ஓடுமாம். மொனிக் சொன்னவ. அதுதான் தேய்ச்சு விட்டனான்.”

பேரின்பநாதனுக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. இப்படியொரு பெண்சாதியையா ஏமாற்றுகிறேன்? அந்தப் புதன்கிழமை முழுக்க அவருக்கு ஆட்டம் ஓடவில்லை. தொட்ட சீட்டெல்லாம் பிழைத்தது. இரண்டு காதிலும் கிளிப்போடு இருந்தார்.

“இண்டைக்கு ரெண்டு காதுமோ?” என்றாள் சிவநேசம்.

“காத்து சுழண்டடிச்சுது.”

பங்குனி பிறந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், உப்பை எடுங்கோ என்கிற குரலில் சிவநேசம் சொன்னாள்.

“வாற புதன்கிழமை லீவு எடுத்திருக்கிறன். நானும் வாறன்.”

“எங்கை?”

“மலைக்கு. உங்கடை மானையும் ஒருக்காப் பாப்பம்.”

அவர் உப்புப் போட்ட சோற்றுக்கே மறுபடி உப்புப் போட்டார். “உமக்குக் குளிர் ஒத்துவராது.”

“உங்களுக்கு ஒத்து வந்திட்டுதே.”

“சரியான செங்குத்து நேசம்.”

“நான் கீழை நிண்டு பாக்கிறன். நீங்கள் வழுக்கிக்கொண்டு வாங்கோ.”

அடுத்த நாள் ஹோட்டலிலிருந்து சவிரிமுத்துவுக்கு ரெலிபோன் எடுத்தார்.

“மச்சான், பிடிபடப்போறன்.”

சவிரிமுத்துவிடம் மருந்து தயாராக இருந்தது. “காலை முறிச்சுப்போடு.”

“ஆற்றை காலை?”

“உன்ரை காலைத்தான். வேறை ஆற்றையை முறிச்சு என்ன பிரயோசனம்?”

முறிக்க மனம் வரவில்லை. நொண்டிப் பார்த்தார். காலையில் இடக்கால் நொண்டியது. பின்னேரம் வலக்கால் நொண்டியது. சிவநேசம் இரண்டு காலுக்கும் சேர்த்து எண்ணெய் தேய்த்துவிட்டு, “புதன்கிழமைக்குச் சுகமாயிடும்,” என்றாள். சுகமாகிவிட்டது.

புதன்கிழமை வெண்டோமில் ஸ்கீயை அவள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். யாருடைய தொப்பியும் பறக்கவில்லை. இதை அவர் கவனித்தார், யோசிக்க நேரமிருக்கவில்லை. அவர் மனம் முழுக்க அந்த மீசைக்காரக் கார்டில் இருந்தது. இன்றைக்கு அவனுக்கு லீவாக இருக்கக்கூடாதா? பிள்ளையாரே, ஒரு சின்னக் காய்ச்சலாவது வந்திருக்கக்கூடாதா?

கதவடியில் மீசை நின்றது. சிரித்தது. ஆனால் அவரைப் பார்த்து இல்லை.

“பொன்ஜூர் மதாம்! இன்றைக்குப் புதன்கிழமை அல்லவா? திங்கட்கிழமையை மாற்றிவிட்டீர்களா?”

“பொன்ஜூர்,” என்றாள் சிவநேசம்.

இந்த வெள்ளைக்காரருக்கு எங்கள் பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான் என்று பேரின்பநாதன் மனதுக்குள் கோபப்பட்டார். கோபப்பட்டது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. முகம் பிரித்தறியத் தெரியாதவன் என்றால் தன்னையும் அவனுக்கு அடையாளம் தெரியாது அல்லவா?

ரயில் ஆற்றைக் கடந்தது. வேகம் குறைந்தது. கொன்கோர்ட். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மனிதனின் முகத்தை வரவழைத்தார். ஆனால் கால்களுக்கு அது தெரியாது. பழகின கால்கள். ரயில் நின்றதும் எழும்பி நின்றுவிட்டன. அதே நேரம் அந்த மீசைக்காரப் புண்ணியவான் ஓடி வந்து ஸ்கீ உறையைத் தூக்கிக் கையில் கொடுத்தான்.

“முசியே, உங்கள் நிலையம்! சீக்கிரம்!”

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேரின்பநாதன் ஸ்கீயும் கையுமாக நடுவழியில் நின்றார். இறங்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. சிவநேசம் எழும்பவில்லை. கார்டெரிப் பிள்ளைகளோடு கதைத்துப் பழகிய நிதானமான பிரெஞ்சில் சொன்னாள்.

“இல்லை. இன்றைக்கு இவர் மலைக்குப் போகிறார்.”

“ஓ! ஒருவழியாக!” என்றான் கார்ட். கதவு மூடியது.

சவிரிமுத்து வீட்டுக்குத் திரும்பும் தெரு யன்னலில் வந்து, நின்று பார்த்துவிட்டுப் போவதுபோலப் போயிற்று.

“அவன் என்னை வேறை ஆரோ எண்டு நினைச்சு...”

“ஓமோம்,” என்றாள் சிவநேசம். மடியிலிருந்த மன்டரின் தோடம்பழத்தை உரித்து அவருக்குப் பாதி கொடுத்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். தோடம்பழம்தான் தாங்கமுடியாமல் இருந்தது. ஒவ்வொரு சுளையும் விசாரணை மாதிரித் தொண்டைக்குள் இறங்கியது.

சென் ஜெரோமில் இறங்கினார்கள். முந்தி மலைக்கு ரயில் ஓடிய பாதையில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, பனிக்காலத்தில் ஸ்கீக்கு விட்டிருந்தார்கள். ரயில் ஓடின பாதை எப்படி இருக்கும்? தோசைக்கல் மாதிரித் தட்டையாக, நேர்கோடாக வடக்கே போனது.

“எங்கையப்பா செங்குத்து?”

“இது அடிவாரம்.”

“மான்?”

“குளிருக்கு உள்ளுக்குப் போயிருக்கும்.”

“சரி, இருங்கோ. சப்பாத்தைப் போடுங்கோ.”

பாதையோர வாங்கிலில் உட்கார்ந்து, அந்த உருண்டைப் பையின் சிப்பை வாழ்க்கையில் முதற்தடவையாக இழுத்தார். உள்ளே சப்பாத்து. சின்னச் சப்பாத்து. குதிக்காலில் முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது. பேரின்பநாதனின் கால் நாற்பத்து மூன்று. அவர் காலை உள்ளே தள்ளினார். பெருவிரல் மட்டும் போயிற்று. மற்ற விரல்கள் வாசலில் நின்று தவித்தன.

“குளிருக்குக் கால் வீங்கிப்போச்சு.”

“குளிருக்குச் சுருங்கும் எண்டெல்லோ சொல்லுறவை. அப்ப இவ்வளவு நாளும் என்னெண்டு போட்டனீங்கள்?”

“விரலை மடிச்சுப் போட்டனான்.”

அவருக்கே அது நல்ல பொய்யாகப் பட்டது. சிவநேசத்துக்கும் பட்டிருக்கவேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்து, தன் பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்தச் சப்பாத்துக்குள் காலை வைத்தாள். கால் வீட்டுக்கு வந்தமாதிரி உள்ளே போயிற்று. எழும்பி ஸ்கீயில் வைத்து ஒரு மிதி. டக். மற்றக் கால். டக்.

“நேசம்!”

“எனக்கு அளவாத்தான் வாங்கினனான்.”

“அப்ப நான்?”

“நீங்கள் எப்பவப்பா ஸ்கீ செய்யப்போறியள்? கீழை டெப்பனர் கடையிலை பால் வாங்கிவரச் சொன்னாலே ரெண்டு காற்சட்டை போடுற ஆள். மலை எண்டு சொன்னவுடனை விளங்கீட்டுது, உங்கடை மலை சவிரிமுத்து அண்ணை வீட்டு பேஸ்மென்ற் எண்டு. முதல் நாளே அக்னெஸ் ரெலிபோன் எடுத்தவ. ‘அண்ணை பத்திரமா வந்து சேந்திட்டார், றோல்ஸ் சாப்பிடுறார்’ எண்டு.”

“தன்ரை வாய் பூட்டு எண்டு சொன்னாளே!”

“பூட்டுத்தான். திறப்பு என்னட்டை.”

பேரின்பநாதன் வாங்கிலில் ஒரு காலில் காலுறையோடு இருந்தார். “எல்லாம் தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீர்?”

“மொனிக் எத்தினை வருஷமா என்னைக் கூப்பிடுறா தெரியுமோ? அம்பது வயசிலை நான் ஸ்கீயும் தூக்கிக்கொண்டு லிஃப்டாலை இறங்கினால் எங்கடை சனம் சும்மா விடுமோ? இப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ‘அண்ணையின்ரை ஸ்கீயைத் திருத்தக் கொண்டு போறியளோ அக்கா?’ எண்டுதான் கேக்கினம். ஓம் எண்டு சொல்லிப்போட்டுத் திங்களுக்குத் திங்கள் இஞ்சை வாறன்.”

ஈரத் துவாய், மெழுகு மணம், பழைய கறி, மாம்பழக் கன்னம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவருக்கு முன்னால் வரிசையில் நின்றன. அவர் பொய்யைச் சுமந்துகொண்டு திரிந்தார். அவள் அந்தப் பொய்யின்மேல் ஏறிச் சறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

“அப்ப இண்டைக்கு ஏன் இப்பிடிக் கொண்டுவந்து...?”

“அடுத்த கிழமையிலை இருந்து கார்டெரியிலை எனக்கும் மொனிக்குக்கும் லீவைப் புதனுக்கு மாத்திப்போட்டினம். வீட்டிலை இருக்கிறது ஒரு சோடி ஸ்கீ. அது லவாலிலை ஒரு வீட்டுப் பின்கதவிலை குத்திக்கொண்டு நிக்கேலாது.”

“அப்ப என்ரை புதன்கிழமை?”

“அதை வீட்டை போய்க் கதைப்பம். கற்பூரம் இருக்கு.”

தடியை ஊன்றினாள். ஒரு தள்ளு. முழங்காலை மடித்து, முதுகைக் கொஞ்சம் வளைத்து, இடம் வலம் என்று வெள்ளைக்குள் போய்க்கொண்டேயிருந்தாள். பேரின்பநாதன் அவளுடைய பனிச்சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். இரண்டு மாதமாகத் தான் வாயால் உண்டாக்கிய அந்த ஸ்கீக்காரர், குளிருக்கு அஞ்சாத அந்தத் தைரியசாலி, உண்மையிலேயே இருந்திருக்கிறார். கொண்டையைக் கம்பளித் தொப்பிக்குள் மறைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு காலுறையூடாகக் குளிர் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் சிவநேசம் முதலில் கதிரையைப் போட்டு ஏறிப் புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதன் பிறகுதான் கற்பூரம் கொளுத்தினாள். இந்த முறை பேரின்பநாதன் வசனத்தை முற்றுப்புள்ளி வரைக்கும் சொல்லவேண்டியிருந்தது. முற்றுப்புள்ளிக்குப் பிறகு அவள் கர்க்லாண்டையும் சேர்த்துச் சொல்ல வைத்தாள்.

அடுத்த புதன்கிழமைக்கு முதல் ஒரு பெரிய பனிப்புயல் அடித்து ஓய்ந்தது. வெண்டோம் மேடையில் சிவநேசமும் மொனிக்கும் ஸ்கீயோடு நின்றார்கள். பேரின்பநாதன் கொஞ்சம் தள்ளி, கர்க்லாண்ட் பக்கம் போகும் ரயிலுக்கு நின்றார். கையில் பனி அள்ளுகிற சவள். தமிழ்ச்சனம் கண்டு கேட்காமலிருக்க அதைப் பழைய சாரம் ஒன்றால் சுற்றியிருந்தார். அதனால் எல்லாரும் பார்த்தார்கள்.

மலை ரயில் முதலில் வந்தது. கதவைத் திறந்த மீசைக்காரன் பெண்களை ஏற்றிவிட்டு, சாரத்துக்குள் இருந்த நீளப் பொருளை மரியாதையோடு பார்த்தான்.

“முசியே, இன்றைக்கு எந்த மலை?”

“கர்க்லாண்ட்,” என்றார் பேரின்பநாதன்.

கார்ட் யோசித்தான். நல்ல மனிதன், யாரும் பிழையான இடத்துக்குப் போவது அவனுக்குப் பொறுக்காது. “கர்க்லாண்டில் மலை இல்லையே, முசியே?”

சிவநேசம் அவனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவனுக்காக ஒருதரம் பிரெஞ்சிலும், கதவு மூடுமுன் புருஷனுக்காக ஒருதரம் தமிழிலும் சொன்னாள்.

“இருக்கு. எங்கடை கௌரி மச்சாள் வீட்டு வாசலிலை. இவர் போய்த்தான் அள்ளவேணும்.”